இசைந்து பிரிபவர்களுக்கு வக்கீல் எதற்கு?

ஒரு குடும்பம் உடையும்போது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். இரு வீட்டுப் பெரியவர்களும் உட்காருவார்கள். பெண் வீட்டார் போட்ட நகைக்குக் கணக்குப் பார்ப்பார்கள், சீர்வரிசைப் பாத்திரங்களைத் திருப்பி எடுத்து வண்டியில் ஏற்றுவார்கள். முத்திரைத்தாள் ஒன்று வாங்கி, “இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை” என்று எழுதி, நான்கு சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்தி வாங்கிவிட்டால் விவகாரம் முடிந்தது என்று எல்லோரும் கலைந்துபோவார்கள். காஞ்சிபுரம் அருகே உள்ள வாலாஜாபாத்தும் அதைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களும் இதற்கு விலக்கு அல்ல. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த இருவரும் அன்று மாலையும் கணவன் மனைவிதான்.

ஆகவே, வக்கீல் இல்லாமல் மணமுறிவு பெற முடியுமா என்ற கேள்வி இங்கே புதிதல்ல. மக்கள் வக்கீல் இல்லாமல்தான் பிரிந்துகொண்டிருக்கிறார்கள். செல்லாத வழியில் பிரிகிறார்கள். செல்லும் வழி ஒன்று 1976 முதல் இருக்கிறது. அதற்கும் வக்கீல் கட்டாயம் இல்லை. அந்த வழியில் எது எளிது, எது ஆபத்து என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. நீதிமன்றத்தில் போடும் மனுவைவிட, மனுவுக்கு முன் இருவரும் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையில்தான் கவனம் வேண்டும் என்பது என் வாதம்.

முத்திரைத்தாள் ஏன் செல்லாது

இந்து திருமணச் சட்டம் 1955, வழக்காற்றின்படி நடக்கும் மணமுறிவை அடியோடு ஒழித்துவிடவில்லை. அதன் 29(2) பிரிவு, வழக்காறு அனுமதிக்கும் மணமுறிவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நெசவுச் சமூகங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அமைப்புகள் பழங்காலத்திலிருந்தே உண்டு. கைக்கோளர்களின் எழுபத்திரண்டு நாட்டு அமைப்புக்குக் காஞ்சிபுரமே தலைமையிடமாக இருந்ததை மானிடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ் 1984இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சாதியின் வழக்குகளைச் சாதியே தீர்த்துக்கொண்ட காலம் அது.

அந்தக் காலத்து அதிகாரம் இன்றைய முத்திரைத்தாளுக்கு வந்துவிடாது. வழக்காறு என்று சொல்பவர் அது தம் சமூகத்தில் தொன்றுதொட்டு இடைவிடாமல் நிலவியது என்று வாதிட்டு, சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். யமனாஜி ஜாதவ் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. “எங்கள் பக்கம் இப்படித்தான் எழுதிக்கொள்வோம்” என்பது நிரூபணம் ஆகாது.

விளைவு சாதாரணமானதல்ல. பத்திரத்தை நம்பி ஒருவர் மறுமணம் செய்தால், இந்து திருமணச் சட்டம் 11ஆம் பிரிவின்படி அந்த இரண்டாம் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி அது ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றமும்கூட. பிறக்கும் குழந்தைகளை இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு காப்பாற்றிவிடும். இரண்டாவதாக வந்த பெண்ணின் நிலைதான் மோசம். கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியமோ காப்பீட்டுப் பணமோ கேட்டுப் போகிற அன்றுதான், தான் சட்டப்படி மனைவியே இல்லை என்பது அவருக்குத் தெரியவரும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மணமுறிவு பெற்றவர்கள் என்று பதிவானோர் சுமார் 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்கிறோம் என்று சொன்னவர்கள் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்த இடைவெளிக்குள் கைவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள், வழக்கு முடியாதவர்களும் இருக்கிறார்கள். பத்திரம் எழுதிக்கொண்டு பிரிந்து, சட்டத்தின் பக்கமே போகாதவர்களும் இதற்குள்தான் வருவார்கள்.

சென்னை மாகாணத்தில் ஒரு முன்னோடி

இருவரும் இசைந்தால் நீதிமன்றமே இல்லாமல் பிரியலாம் என்ற ஏற்பாடு நம் மண்ணில் இல்லாத ஒன்றும் அல்ல. சென்னை மாகாணத்தின் மலபார் பகுதிக்காக 1930களின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட, தாய்வழி மரபினருக்கான மருமக்கத்தாயச் சட்டம், கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிப் பதிவு செய்யும் ஆவணத்தின் மூலமே திருமணத்தைக் கலைக்க இடம் தந்தது. ஒருவர் மட்டும் விரும்பினால் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆறு மாதத்துக்குள் அதைத் திரும்பப் பெறாவிட்டால் கலைப்பு ஆணை கிடைக்கும். இன்றைய தாராளவாதச் சட்டங்கள் பல நாடுகளில் வந்து சேர்ந்திருக்கும் இடத்துக்கு அந்தச் சட்டம் அன்றே வந்திருந்தது.

மாகாணத்தின் மற்ற இந்துக்களுக்கு 1949இல் இருதார மணத் தடுப்பு மற்றும் மணமுறிவுச் சட்டம் வந்தது. 1955இல் நாடு முழுமைக்கும் இந்து திருமணச் சட்டம் வந்தபோது, குற்றம் சாட்டி நிரூபித்தால்தான் மணமுறிவு என்ற நிலைதான் இருந்தது. பிறன்மனை உறவு, மதமாற்றம் என்று சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் சேறு பூச விரும்பாத தம்பதிக்கு வழி இல்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் 13-பி பிரிவைச் சேர்த்த பிறகுதான் “இருவரும் இசைந்துவிட்டோம்” என்பதே போதுமான காரணம் ஆனது. பேச்சு வழக்கில் “மியூச்சுவல் போட்டிருக்கிறார்கள்” என்று சொல்வது இந்தப் பிரிவைத்தான்.

சட்டம் கேட்பது மூன்றே

13-பி கேட்பவை மூன்று. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியாமல் போயிருக்க வேண்டும். திருமணத்தைக் கலைத்துக்கொள்ள இருவரும் பரஸ்பரம் இசைந்திருக்க வேண்டும். யார் மீது தவறு என்று மனுவில் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை.

பிரிந்து வாழ்தல் என்றால் வேறு வேறு வீட்டில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. சுரேஷ்டா தேவி வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம். வேறு ஊர்களில் இருந்தும் கணவன் மனைவியாகவே வாழலாம். வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் நெசவுக் குடும்பங்களுக்கு இந்த விளக்கம் முக்கியம். தறியை விட்டு அவர் போக முடியாது, பிள்ளைகளை விட்டு இவர் போக முடியாது என்று ஓராண்டு ஒரே வீட்டில் ஒட்டாமல் இருந்தவர்களும் மனுப் போடலாம்.

எந்த நீதிமன்றம் என்பதையும் சட்டமே சொல்கிறது. திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றோடு, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மனைவி இப்போது வசிக்கும் இடமும் அதிகார எல்லைக்குள் வரும். வாலாஜாபாத்தில் பிறந்து சேலத்துக்கு வாக்கப்பட்டுத் தாய் வீடு திரும்பிய பெண், வழக்குக்காகச் சேலம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம். குடும்பநல நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கேயும், இல்லாத இடங்களில் சார்பு நீதிமன்றத்திலும் இந்த மனுக்கள் எச்.எம்.ஓ.பி. என்ற தலைப்பில் எண்ணிடப்படும்.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் அல்ல. தனித் திருமணச் சட்டம் 1954இன்படி மணந்தவர்களுக்கு அதன் 28ஆம் பிரிவு இதே போன்ற வழியைத் தருகிறது. கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டத்தில் 2001இல் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவு உண்டு. அதன் வாசகம் ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டுப் பிரிவைக் கேட்கிறது. முஸ்லிம்களுக்கு இருவரும் இசைந்து பிரியும் முபாரத்தும், மனைவி கேட்டுப் பெறும் குலாவும் உண்டு. குலா கோரும் பெண் குடும்பநல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எதிர்த் தரப்பு நீதிமன்றத்துக்கே வராமல் போனால் கிடைப்பது எக்ஸ்-பார்ட்டி எனப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. எதிர்ப்பு இல்லை என்பதால் அது இசைவு மணமுறிவு ஆகிவிடாது. அங்கே மனுதாரர் கொடுமையையோ கைவிடலையோ நிரூபித்தே ஆக வேண்டும். வராதவர் பிறகு வந்து அதை ரத்து செய்யக் கேட்கவும் முடியும். இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவின் உறுதி அதற்குக் கிடையாது.

வக்கீல் கட்டாயம் இல்லை

தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமை உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் 1984 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 13ஆம் பிரிவின்படி, குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமையே அல்ல. தேவைப்பட்டால் நீதிமன்றம் தனக்கு உதவ ஒரு சட்ட வல்லுநரை நியமித்துக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் நீதிபதியிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்பதுதான் சட்டம் இயற்றியவர்களின் எண்ணம். நடைமுறையில் எல்லா வழக்கிலும் வக்கீல் இருக்கிறார் என்பது பழக்கத்தால் வந்தது.

மொழியும் தடையில்லை. கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். நீதிமன்றக் கட்டணம் சொத்து வழக்கைப்போல் மதிப்புக்கு இவ்வளவு என்று ஏறாது. நிலையான சிறு தொகைதான். இ-ஃபைலிங் தளத்தில் வக்கீலைப் போலவே வழக்காடுபவரும் தம் பெயரில் கணக்குத் தொடங்கலாம்.

மனுவில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. இருவரின் பெயர், வயது, தொழில், முகவரி, திருமணம் நடந்த நாள், இடம், முறை, பிள்ளைகளின் விவரம், பிரிந்த நாள், சேர்த்து வைக்க நடந்த முயற்சி பலிக்கவில்லை என்ற கூற்று, இசைவு எந்த வற்புறுத்தலும் இல்லாமல் தரப்பட்டது என்ற உறுதி, இதற்கு முன் வேறு வழக்கு உண்டா இல்லையா என்ற தகவல். அதன் கீழ் இருவரின் கையெழுத்தும், உண்மை என்று சரிபார்த்துக் கூறும் பகுதியும் வரும். உடன் ஓர் உறுதிமொழிப் பத்திரம், திருமணப் பத்திரிகை, திருமணப் புகைப்படம், ஆதார் நகல்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 வந்த பிறகு மணந்தவர்களிடம் பதிவுச் சான்றிதழும் பெரும்பாலும் இருக்கும். சுயமரியாதைத் திருமணம் என்றாலும் தயங்க வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்துக்கான 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் 7-ஏ பிரிவின் மூலம் அதைச் சட்டப்படியான திருமணம் ஆக்கிவிட்டது.

தாக்கல் செய்த மனுவை அலுவலகத்தில் சரிபார்ப்பார்கள். குறை இருந்தால் இன்னின்ன குறை என்று எழுதித் திருப்பித் தருவார்கள். இதை “ரிட்டர்ன்” என்பார்கள், தள்ளுபடி அல்ல. பக்க எண் இல்லை, புகைப்படம் ஒட்டவில்லை, நகல் போதவில்லை என்பது போன்ற குறைகள்தான் அதிகம். வக்கீல் இல்லாதவர்கள் பாதியில் மனம் சோர்ந்து திரும்பும் இடம் இதுவே. குறையைத் தீர்த்து மறுபடி கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும், முதல் வாய்தா தேதியும் வரும். அன்று இருவரும் நேரில் வர வேண்டும். டவாலி பெயர் கூப்பிடுவார். நீதிபதி சில கேள்விகள் கேட்பார். குடும்பநல நீதிமன்றமானால் ஆலோசகரிடம் அனுப்பப்படலாம். சேர்த்து வைக்க முயல்வது குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி அந்த நீதிமன்றத்தின் கடமை.

ஆறு மாதம்

முதல் மனுவுக்கும் இறுதி ஆணைக்கும் இடையே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றும், பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து கேட்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அவசரத்தில் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள அவகாசம் தருவதே நோக்கம். இந்த இடைவெளியில், ஏன் ஆணை பிறக்கும் நொடிவரை, ஒருவர் தம் இசைவைத் திரும்பப் பெறலாம். சுரேஷ்டா தேவி தீர்ப்பின் இன்னொரு முடிவு அது.

அமர்தீப் சிங் வழக்கில் 2017 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இந்த ஆறு மாதம் கட்டாயமானது அல்ல, வழிகாட்டும் தன்மையது என்று அறிவித்தது. மனுப் போடும் முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளைகள் உள்ளிட்ட எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். காத்திருப்பு வேதனையை நீட்டுவதாக மட்டுமே இருக்க வேண்டும். இவை பொருந்தினால், முதல் மனு விசாரணைக்கு ஒரு வாரம் கழித்து விலக்குக் கேட்டு இடைநிலை மனு போடலாம். மனுவில் அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்வதே பாதி வேலையை முடித்துவிடும். 2023 மே 1 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைக் கொண்டு நேரடியாகக் கலைக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று கூறியது. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது; காஞ்சிபுரத்தில் அதைக் கேட்டுப் பெற முடியாது.

இறுதி நாளில் இருவரும் நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்வார்கள், ஆவணங்கள் குறியிடப்படும், “சுய விருப்பத்தோடுதான் கேட்கிறீர்களா?” என்று நீதிபதி கேட்பார். ஆணை பிறந்ததும் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மறுமணப் பதிவு என்று எங்கே போனாலும் அதுதான் கேட்கப்படும்.

இவ்வளவுதான் நடைமுறை. படிக்கத் தெரிந்த, இரண்டு மூன்று முறை அலையத் தயாரான தம்பதிக்கு இது முடியாத காரியம் அல்ல.

உடன்படிக்கையில்தான் சிக்கல்

நீதிமன்றம் இசைவு உண்மையா என்று பார்க்கும். அந்த இசைவு எந்த விலைக்கு வாங்கப்பட்டது என்று ஆராய அதற்கு நேரமும் குறைவு, தகவலும் குறைவு. வாதம் இல்லாத வழக்கில் வக்கீலின் உண்மையான பயன் வாதத்தில் இல்லை. யாருக்கு என்ன வர வேண்டும் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பதில் இருக்கிறது. அவரை விட்டுவிட்டால் அந்த வேலையைத் தாங்களே செய்ய வேண்டும்.

முதலில் நகை. பெண்ணுக்குத் தாய் வீடு போட்டதும் மற்றவர் அவளுக்கென்று கொடுத்ததும் சீதனம். அது அவளுக்கு மட்டுமே சொந்தம் என்பது 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உறுதியானது. அதைத் திருப்பித் தருவது சலுகையாகாது. ஆனால் பஞ்சாயத்தில், நகையைத் திருப்பித் தருகிறோம் என்பதையே ஜீவனாம்சத்துக்கு ஈடாகச் சொல்லி முடிப்பார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

அடுத்தது தறி. காஞ்சிபுரப் பட்டு ஒருவர் உழைப்பில் வருவதில்லை. நூல் சுற்றுவதிலும் தார் போடுவதிலும், உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை நெசவில் பக்கத்தில் இருந்து நாடா தள்ளுவதிலும் வீட்டில் உள்ளவர்களின் கை இருக்கிறது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் பெயரோ, முதலாளியிடம் கூலி வாங்குபவர் பெயரோ பெரும்பாலும் ஒன்றுதான். பிரியும்போது தறி யாருக்கு, வாங்கிய முன்பணத்தை யார் அடைப்பது, தறியில் ஏற்றியிருக்கும் பாவு முடிந்தால் வரும் கூலியில் பங்கு உண்டா என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். கணவன் சம்பாதித்த சொத்தில் பாதி மனைவிக்கு என்று இந்தியச் சட்டம் தானாகத் தருவதில்லை. எனினும் இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புத்தான் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் ஏற்றுக்கொண்டது. பேச்சுவார்த்தையில் அதை எடுத்துச் சொல்லலாம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களில் தறிக்குப் பதில் வருங்கால வைப்பு நிதி, வண்டிக் கடன், மனைவி பெயரில் எடுத்த குழுக்கடன் என்று பட்டியல் மாறும். அதிலும் குழுக்கடன்தான் அதிகம் மறந்துபோவது. கணவன் தொழிலுக்குச் செலவான பணத்தின் தவணை, பிரிந்த மனைவி தலையில் தொடரும்.

மூன்றாவது ஜீவனாம்சம். “இனி எதுவும் கேட்க மாட்டேன்” என்ற வாசகம் எல்லா உடன்படிக்கையிலும் இருக்கும். இசைந்து மணமுறிவு பெற்றதாலேயே ஒரு பெண் பராமரிப்புக் கேட்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை என்று வனமாலா வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிள்ளையின் பராமரிப்பு உரிமை தாயின் கையெழுத்தால் போகாது. அது பிள்ளையின் உரிமை. ஒட்டுமொத்தத் தொகை தருவதாக இருந்தால், எந்தத் தவணை எந்த நாளில் என்பதோடு, கடைசித் தவணை இறுதி ஆணை நாளில் நீதிமன்றத்திலேயே வங்கி வரைவோலையாகத் தரப்படும் என்றும் எழுதிக்கொள்வது நல்லது. “பிறகு தருகிறேன்” என்பதற்கு இங்கே இடம் தரக் கூடாது.

நான்காவது வீடு, மனை. கணவன் பெயரில் உள்ள மனையை மனைவிக்குத் தருவதாக உடன்படிக்கையில் எழுதினால் மட்டும் பட்டா மாறாது. பதிவு செய்த பத்திரம் வேண்டும். குடும்ப உறுப்பினருக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை குறைவு. மணமுறிவு ஆணை வந்த மறுநாள் இருவரும் ஒருவருக்கொருவர் குடும்பம் அல்ல. ஆகவே பத்திரப் பதிவை ஆணைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, நிலுவையில் உள்ள புகார்கள். வரதட்சணைக் கொடுமைப் புகார் பதிவாகியிருந்தால், “வாபஸ் வாங்குகிறேன்” என்று உடன்படிக்கையில் எழுதுவதால் அந்த வழக்கு முடிந்துவிடாது. அது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்டு மனுப் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் போகிறேன் என்று சொல்பவர்கள் நிதானிக்க வேண்டிய இடம் இது. வெளிநாட்டில் ஒருவர் இருக்கும் வழக்கு, பிள்ளை யாரிடம் என்பதில் முழு உடன்பாடு இல்லாத வழக்கு, அடி உதை நடந்த வழக்கு ஆகியவையும் அப்படித்தான்.

குடும்ப அட்டையையும் விட்டுவிடக் கூடாது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் அந்தத் திட்டம் குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. பிரிந்த பிறகும் பெண்ணின் பெயர் பழைய அட்டையிலேயே கிடந்தால், தனி அட்டை கேட்கும்போது இழுபறிதான். பெயர் நீக்கத்துக்குக் கணவர் ஒத்துழைப்பார் என்ற ஒரு வரியும் உடன்படிக்கையில் இருக்கட்டும்.

இசைவு யாருடையது

எதிர்ப்பு இல்லை என்றால் இருவரும் சமம் என்று பொருள் அல்ல. இசைவு வற்புறுத்தலாலோ மோசடியாலோ தகாத செல்வாக்காலோ பெறப்படவில்லை என்று நீதிமன்றம் நிறைவடைய வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. ஆனால் வற்புறுத்தல் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வெளியே, சொந்தக்காரர்களின் அன்பான குரலில் நடக்கிறது. “கையெழுத்துப் போட்டுட்டு வந்துடும்மா, தங்கச்சி கல்யாணம் நிக்குது” என்று தகப்பன் சொல்வதை எந்த நீதிபதியும் கேட்பதில்லை.

வக்கீல் இருந்தால் இது சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. இசைவு மனுக்களில் பல நேரம் ஒரு தரப்பு, பெரும்பாலும் கணவன் தரப்பு, வக்கீலை ஏற்பாடு செய்து கட்டணமும் கொடுக்கும். அவர் எழுதிய உடன்படிக்கையில் இருவரும் கையெழுத்திடுவார்கள். காகிதத்தில் வக்கீல் இருக்கிறார். மனைவிக்கு வக்கீல் இல்லை. இப்படிப் பார்த்தால், இருவரும் வக்கீல் இல்லாமல் போவது ஒருவகையில் நேர்மையான நிலை. ஒருவருக்கு மட்டும் வக்கீல் இருப்பதுதான் ஆபத்து.

இதற்கு ஒரு பரிகாரம் சட்டத்திலேயே கிடக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவானாலும் எல்லாப் பெண்களும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோருக்கும் அது உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்கை நடத்த வக்கீல் வேண்டாம் என்பவரும் உடன்படிக்கையை மட்டும் காட்டிப் படித்துப் பார்க்கச் சொல்லலாம். சமரசம் பேச ஒரு நடுநிலையாளர் வேண்டுமென்றால், நீதிமன்றம் சார்ந்த சமரச மையங்கள் இருக்கின்றன. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய தமிழ்நாடு சமரச மையம் இத்துறையில் நாட்டுக்கு முன்னோடி.

வெளியே பார்த்தால்

ஜப்பானில் நடக்கும் மணமுறிவுகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது, நகராட்சி அலுவலகத்தில் இருவரும் கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுப்பதோடு முடிகின்றன. எளிமையின் உச்சம் அது. ஆனால் ஒப்பந்தத்தின் நியாயத்தை அங்கே எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை வராமல் போவது அந்நாட்டின் நீண்டநாள் புகார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் குற்றம் சாட்டாமல், இணையத்தில், இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கும் முதல் ஆணைக்கும் இடையே இருபது வாரம், பிறகு இறுதி ஆணைக்கு ஆறு வாரம். அங்கே சொத்துப் பிரிவினை தனி நடவடிக்கை. மணமுறிவுப் படிவத்தோடு அதைக் குழப்புவதில்லை. இலங்கையின் பொதுத் திருமணச் சட்டம் இன்றும் குற்றத்தை நிரூபிக்கச் சொல்கிறது. இசைவு மட்டும் போதாது என்பதால், பேசி வைத்துக்கொண்டு ஒருவர் மற்றவர் மீது கைவிடல் குற்றம் சாட்டும் நிலைக்குத் தம்பதிகள் தள்ளப்படுகிறார்கள்.

இந்த மூன்றையும் நம் 13-பியோடு வைத்துப் பார்த்தால், நம் சட்டம் மோசமான இடத்தில் இல்லை என்பது புரியும். இலங்கையைப்போல் பொய் சொல்ல வைப்பதில்லை. ஜப்பானைப்போல் யாரும் பாராமல் முடிப்பதும் இல்லை. குறை சட்டத்தில் இல்லை. அதை எட்டும் வழியில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. ஒவ்வொரு குடும்பநல நீதிமன்றத்திலும் சார்பு நீதிமன்றத்திலும் தமிழில் மாதிரிக் கூட்டு மனு, மாதிரி உறுதிமொழிப் பத்திரம், வழக்கமாக வரும் குறைகளின் பட்டியல் ஆகியவை இலவசமாகக் கிடைக்க வேண்டும். மாதிரி உடன்படிக்கையில் நகை, கடன், தொழில் கருவி, பிள்ளை, மனை, புகார், குடும்ப அட்டை என்று தனித்தனித் தலைப்புகள் இருக்க வேண்டும். வெற்றிடம் இருந்தால் ஏன் என்று நீதிபதி கேட்க வேண்டும். வக்கீல் இல்லாமல் வரும் எந்த இணையரின் உடன்படிக்கையையும், முதல் வாய்தாவுக்கு முன் சட்டப் பணிகள் குழுவின் ஒரு வக்கீல் மனைவியிடம் தனியாகவும் கணவனிடம் தனியாகவும் படித்துக் காட்டி விளக்க வேண்டும். நோட்டரிகள் விவாகரத்துப் பத்திரத்தில் முத்திரை குத்துவதை நிறுத்த வேண்டும்.

இசைந்து பிரியும் இருவருக்கு மனு எழுத வக்கீல் தேவையில்லை. அவர்களுக்குத் தேவை, கையெழுத்துக்கு முன் கணக்கைச் சரிபார்க்கும், எந்தப் பக்கமும் சாயாத ஒரு கண். அதை இலவசமாகத் தரும் கடமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் மீது வைத்திருக்கிறது. அந்தக் கடமை வாலாஜாபாத்வரை வந்து சேர்ந்தால், முத்திரைத்தாள் வாங்க யாரும் போக மாட்டார்கள்.